இரண்டாம் பாகம் ஏன் இவ்வளவு சுமாராகப் போனது? (சனிக்கிழமை பார்த்த படம், கதை முழுக்கப் பேசப்படும்)

செக்காலை வாசகன் எழுதியது:

சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் திரை கட்டிப் பார்த்தோமே, அந்தப் படத்தைப் பற்றித்தான். முதல் பாகத்தை இன்னும் பார்க்காதவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் பெயர் போடாமலே பேசுவோம், பார்த்தவர்களுக்கு எது என்று தெரியும்.

முதல் பாகம் எனக்கு மிகவும் பிடித்த படம். துறைமுக ஊர், ரவுடிக் கும்பலுக்கு வண்டி ஓட்டுகிறவனின் மனைவி, புருஷனைக் கொல்வதைக் கண்ணால் பார்த்துவிடுகிறாள், ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் பேருந்து நிலையக் கழிப்பறையில் அவள் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ளும் காட்சி இருக்கிறதே, வெட்டிய முடியைக் குப்பைத் தொட்டியில் போடப் போய், கை நின்று, பழைய செய்தித்தாளில் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்வாள். ஒரு வசனம் கிடையாது. இவள் இனிமேல் எதையும் விட்டுவிட்டுப் போக முடியாது, ஒரு மயிரிழையைக்கூட விட முடியாது என்று நமக்குப் புரிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இரண்டாம் பாகம் ஆறு வருடம் கழித்து நடக்கிறது. ஏரிக்கரை ஊர், ரொட்டிக்கடையில் வேலை, புதுப்பெயர், மகளுக்குப் பதினொரு வயது. கும்பல் தலைவன் சிறையிலிருந்து வருகிறான், தேடச் சொல்கிறான். அதே இயக்குநர், அதே நடிகை, செலவு மட்டும் பல மடங்கு என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் பாதிப் படத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், எதையும் தவறவிட்ட மாதிரித் தோன்றவில்லை. மோசம் என்று சொல்ல மாட்டேன், படம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குத் தோன்றிய காரணம் இது. முதல் பாகத்தில் அவள் ஒளிந்துகொண்டிருந்தாள், அதை ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தாள், நாமும் கூடவே செய்தோம். இரண்டாம் பாகத்தில் யாருமே ஒளியவில்லை, அவள் குடியிருக்கிறாள், அவர்கள் வருகிறார்கள், சுடுகிறார்கள். அவள் எதை மறைக்கிறாள், அதற்காக எதைத் தினமும் விட்டுக்கொடுக்கிறாள் என்று ஒரு காட்சிகூட இல்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா? வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

—

கோட்டையூர் பழைய படம் எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்கும் முன்னாடியே அடித்தளம் ஆட்டம் காண்கிறது. ஆறு வருடம் கழித்து ஒரு கும்பல் எதற்காக அவளைத் தேட வேண்டும்? வழக்கு முடிந்துவிட்டது, தலைவன் தண்டனையை அனுபவித்துவிட்டு வெளியே வந்துவிட்டான். இனி அவள் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கும்பல் என்பது ஒரு தொழில்தானே, ஆள், வண்டி, காசு செலவழித்து ஒருத்தியைத் தேடினால் அதற்கு வரவு என்ன என்று அவர்களுக்குள்ளேயே ஒருத்தன் கேட்டிருப்பான். படத்தில் யாரும் கேட்கவில்லை. பழிக்குப் பழி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

1980-ல் வந்த 'க்ளோரியா' பாருங்கள், ஜான் கசாவெட்டிஸ் எடுத்தது. நியூயார்க்கில் கும்பலுக்குக் கணக்கு எழுதுகிறவன் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்துவிடுகிறான், குடும்பத்தையே கொல்கிறார்கள், சின்னப் பையன் மட்டும் கணக்குப் புத்தகத்தோடு பக்கத்து வீட்டுக்காரியிடம் வந்து சேருகிறான். புத்தகம் பையனிடம் இருக்கிறவரை தேடுவார்கள், இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. இன்னொன்று, அந்தப் பெண் க்ளோரியா முன்னாளில் அந்தக் கும்பலோடு பழகியவள். துரத்துகிறவர்களின் முகம் அவளுக்குத் தெரியும், அவள் முகம் அவர்களுக்குத் தெரியும். அப்புறம் எங்கே போய் ஒளிவது? மலிவான விடுதி, டாக்ஸி, மெட்ரோ ரயில் என்று ஊருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பாள். குழந்தைகளையே பிடிக்காதவள் அந்தப் பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதில்தான் படமே இருக்கிறது. ஜீனா ரோலண்ட்ஸுக்கு அந்த வேடத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, படம் வெனிஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கத்தைப் பகிர்ந்துகொண்டது.

அதையே 1999-ல் ஷரோன் ஸ்டோனை வைத்து சிட்னி லூமெட் மறுபடி எடுத்தார். லூமெட் யார், 1957-ல் '12 ஆங்ரி மென்' எடுத்தவர். அப்படிப்பட்ட கை பட்டும் அந்தப் படம் நிற்கவில்லை. அதனால் நம் படத்தின் இயக்குநரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு முறை ஓடி முடித்தவளை மறுபடி ஓட வைப்பது கடினமான வேலை, புதுப் பயம் ஒன்று வேண்டும்.

'சிஸ்டர் ஆக்ட்' அதை நேர்மையாகக் கையாண்டது என்று நினைக்கிறேன். 1992-ல் வந்த முதல் படத்தில் பாடகி ஒருத்தி கொலையைப் பார்த்துவிட்டு சான் பிரான்சிஸ்கோவில் கன்னியர் மடத்தில் ஒளிகிறாள். அடுத்த வருடமே இரண்டாம் பாகம், அதில் கும்பலே கிடையாது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறாள். படம் முதல் பாகம் அளவுக்கு இல்லைதான். ஆனால் ஒளிகிற கதை முடிந்துவிட்டது என்று தெரிந்து, செத்த கதையை எழுப்பி உட்காரவைக்காமல் விட்டார்களே, அது பெரிய விஷயம்.

—

கானாடுகாத்தான் சாவிக்கொத்து எழுதியது:

வணக்கம். நான் படப்பிடிப்புக்கு வீடு காட்டிக்கொடுக்கிற வேலை செய்கிறேன், அதனால் எனக்கு இந்தப் பேச்சு வேறு மாதிரிப் படுகிறது.

வருகிற குழுக்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான்: கதாநாயகி ஒளிந்திருக்கிற மாதிரி ஒரு பெரிய பூட்டின வீடு வேண்டும். அவர்களுக்கு நம்முடைய வீடு என்றால் ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, இவ்வளவுதான். இருட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்) ஒரு பெண் மெழுகுவத்தியோடு நடந்தால் காட்சி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகையை ஸ்டுடியோ ஆக்கி 1947-ல் ஏவிஎம் 'நாம் இருவர்' கொடுத்த மண் இது. இன்றைக்கு இங்கே சுவரைப் படம் பிடிக்கத்தான் வருகிறார்கள், அந்தச் சுவருக்குள் எப்படி வாழ்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒரு பூட்டின செட்டிநாட்டு வீட்டில் நிஜமாக ஒருத்தி ஒளிய முடியுமா என்று கேட்டால், ஒரு ராத்திரி முடியும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், முகப்பு வழியாகப் போய்ப் பின்கட்டு வழியாக வெளியே வரலாம், அதுவரை சரி. ஆனால் வீடு ஒருத்தருடையது இல்லை. பங்காளிகள் எத்தனை புள்ளியோ (கல்யாணமான குடும்பமோ) அத்தனை பேருக்கும் அதில் பங்கு உண்டு, ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் கோலாலம்பூரில், ஒருத்தர் காரைக்குடியிலேயே. கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால்தான் திறப்பார்கள், திறப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். பக்கத்திலேயே வீட்டைப் பார்த்துக்கொள்கிற குடும்பம் இருக்கும். வளவு நடுவில் வானம் பார்த்த முற்றம், உள்ளே ஒரு குண்டு பல்பு எரிந்தாலும் பக்கத்து மாடியிலிருந்து வெளிச்சம் தெரியும், அடுப்பு மூட்டினால் புகை தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மின்கணக்கு எடுக்க ஆள் வருவார், பூட்டின வீட்டில் ஏன் மீட்டர் ஏறியிருக்கிறது என்று அவர்தான் முதலில் கேட்பார்.

அப்புறம் தெருவில் இறங்கினால் முடிந்தது. பால் வாங்க நின்றால், "யார் வீட்டுக்கு வந்திருக்கீக?" என்பார்கள். இன்னார் வீட்டுக்கு என்று சொன்னால், "அவுக பெரியவுகளா சின்னவுகளா?" என்பார்கள். அதற்கும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி, எந்தக் கோயில்? நகரத்தாருக்கு, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு, குலப்பிரிவைச் சொல்லும் கோயில் ஒன்பது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. அதில் ஒன்றைச் சொன்னால் உட்பிரிவு, ஊர், யார் மகள், யார் பேத்தி என்று மூன்றாவது கேள்வியிலேயே பொய் பிடிபட்டுவிடும். கேட்கிற ஆச்சிக்குச் சந்தேகமே கிடையாது, அன்பாகத்தான் கேட்கிறார். ஒளிந்திருக்கிற பெண்ணுக்கு அந்த அன்புதான் ஆபத்து. இதை வைத்து ஒரு படம் எடுத்தால் துப்பாக்கியே தேவைப்படாது.

நீங்கள் பார்த்த படத்தில் ஏரிக்கரை ஊர் சின்ன ஊர் என்கிறார்கள், ஆனால் ஆறு வருடத்தில் ஒருத்தர்கூட அவளிடம் உன் சொந்த ஊர் எது என்று கேட்டதாகக் காட்டவில்லை. சின்ன ஊரில் அது எப்படி நடக்கும்?

—

கல்லூரிச் சாலை எழுதியது:

சாவிக்கொத்து அண்ணன் சொல்வது கானாடுகாத்தானுக்குச் சரி, பள்ளத்தூருக்குச் சரி. காரைக்குடிக்குச் சரிவராது. பல்கலைக்கழகம் பக்கம் வந்து பாருங்கள், வரிசையாக வாடகைப் போர்ஷன், வருடா வருடம் ஆள் மாறுகிறது. நான் குடியிருக்கிற மாடியில் எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது, முன்பணமும் ஆதார் நகலும் கொடுத்தால் வீட்டுக்காரர் வேறு எதுவும் கேட்பதில்லை. ஒளிய வேண்டுமென்றால் கூட்டத்தில்தான் ஒளிய வேண்டும், பெரிய வீட்டில் இல்லை.

படம் அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்தில் அவளும் தேடி வந்தவனும் ஒரே பெஞ்சில் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கும் காட்சி நன்றாக எடுத்திருந்தார்கள். அவனுக்கு அவளைத் தெரியாது, போட்டோவில் பார்த்தது பழைய முகம். அவன் அவளிடமே நேரம் கேட்பான், அவள் கடிகாரத்தைக் காட்டுவாள், வாய் திறக்க மாட்டாள், திறந்தால் பேச்சின் வாடையில் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் முழுப் படத்தையும் மன்னிப்பேன். அதற்குப் பிறகு கிடங்கில் அரை மணி நேரம் சுட்டுக்கொள்கிறார்கள், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

—

தேவகோட்டை கருப்பு அங்கி எழுதியது:

நீதிமன்றத்தில் சாட்சிகளைத் தினம் பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். படத்தில் எனக்கு ஒட்டாத இடம், அவள் இருக்கும் இடம் ஒரே ஒரு போலீஸ் அதிகாரிக்கு மட்டும் தெரியும், அவர் செத்ததும் எல்லாம் அம்பலமாகிறது என்பது. அமெரிக்காவில் இதற்கு 1970-ல் சட்டம் வந்தது, ஒழுங்கமைந்த குற்றங்களைக் கட்டுப்படுத்துகிற சட்டம், அதன்படி சாட்சிகளைப் பாதுகாப்பது மார்ஷல் சேவை என்கிற மத்திய அரசுக் காவல் அமைப்பின் பொறுப்பு. ஒரு தனி மனிதர் சட்டைப்பையில் வைத்திருக்கிற ரகசியம் இல்லை அது.

நம் நாட்டில் இது மிகவும் தாமதமாக வந்தது. மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, சட்டம் வரும்வரை இதுவே சட்டம் என்றது. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 398-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இதற்கு ஒரு திட்டம் அறிவிக்க வேண்டும் என்கிறது. 2018 திட்டத்தின்படி மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கும், சாட்சி அங்கே மனுக் கொடுக்க வேண்டும். உட்கோட்டத்து டி.எஸ்.பி. ஆபத்து எவ்வளவு என்று அறிக்கை தருவார், அதை மூன்று வகையாகப் பிரிப்பார்கள், உயிருக்கே ஆபத்து என்றால் முதல் வகை. வீடு மாற்றுவது, கண்காணிப்புக் கேமரா பொருத்துவது, கடைசி நிலையில் அடையாளத்தையே மாற்றுவது வரைக்கும் அதில் இடம் உண்டு.

ஆனால் பாதுகாப்பு ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது. அப்புறம் மறுபடி கேட்க வேண்டும், மறுபடி அறிக்கை, மறுபடி குழு. கதை எழுதுகிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நான் இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். ஒன்றும் நடக்காமல் பத்திரமாக இருந்தால் அதுவே அவளுக்கு எதிராகப் போகலாம். சிவகங்கைக்குப் பேருந்தில் போக வேண்டும், அந்தப் பேருந்தில் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். கோட்டையூர் தம்பி கேட்டாரே புதுப் பயம் வேண்டும் என்று, இது புதுப் பயம் இல்லையா? சாட்சி சொன்ன பெண்கள் கூண்டிலிருந்து இறங்கி வெளியே போகும்போது வாசலில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். திரையில் அந்தப் பார்வையை ஒரு நடிகை சரியாகச் செய்துவிட்டால் போதும்.

—

பள்ளத்தூர் மகள் எழுதியது:

எல்லோரும் கும்பலையும் போலீஸையும் பேசிவிட்டீர்கள், நான் அந்த மகளைப் பற்றிக் கேட்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளை. ஐந்து வயதில் ஒரு பெயர், அப்புறம் வேறு பெயர். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற காட்சி முதல் பாகத்தில் முடிவாக வந்தது, ஞாபகம் இருக்கிறதா, பதிவேட்டில் அப்பா பெயர் கேட்டதும் அம்மா பதில் சொல்வதற்குள் பிள்ளையே ஒரு பொய்ப்பெயரைச் சொல்லிவிடும். அம்மா திரும்பிப் பார்ப்பாள். அங்கே முடித்தார்கள். எவ்வளவு பெரிய இடம் அது! ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வந்துவிட்டது, அம்மா சொல்லிக்கொடுக்கவே இல்லை.

இரண்டாம் பாகம் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆறு வருடமாகப் பொய்யோடு வளர்ந்த பிள்ளைக்கு எது நிஜம்? தோழி வீட்டுக்குப் பிறந்தநாளுக்குப் போக அம்மா விடமாட்டாள், குழுப் போட்டோவில் நிற்க விடமாட்டாள், ஏன் என்று சொல்லவும் மாட்டாள். ஒரு கட்டத்தில் பிள்ளைக்குக் கும்பலைவிட அம்மா மேல்தான் கோபம் வரும். என் வகுப்பில் டிசி இல்லாமல் பாதியில் வந்து சேர்ந்த பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள், என்ன காரணம் என்று நான் தோண்டமாட்டேன், ஆனால் பெயர் கூப்பிட்டால் அரை நொடி தாமதமாகத் திரும்புகிற பிள்ளையை ஒரு டீச்சருக்குத் தெரியாமல் போகாது.

படத்தில் அந்தப் பிள்ளையை என்ன செய்தார்கள்? கடத்திக் கொண்டுபோய் நாற்காலியில் கட்டிப்போட்டார்கள். அம்மா கையில் துப்பாக்கி. முதல் பாகத்தில் ரொட்டித் துண்டை இரண்டாகக் கிள்ளிப் பெரிய பாதியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, சின்ன பாதியையும் சாப்பிடாமல் நாளைக்கு என்று மடித்து வைத்த பெண் அவள். அவளுக்கு எப்போது சுடத் தெரிந்தது, யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பெண்ணுக்கு வீரம் காட்டுகிறோம் என்று நினைத்து அவளிடம் ஏற்கெனவே இருந்த வீரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். எனக்குக் கோபமே அதுதான்.

—

செக்காலை வாசகன் எழுதியது:

அக்கா, பள்ளிக்கூடப் பதிவேட்டுக் காட்சியை நீங்கள் சொன்னதும் இன்று மதியம் மறுபடி போட்டுப் பார்த்தேன். பிள்ளை சொல்கிற பொய்ப்பெயர், அதற்கு முன்னால் அவர்களுக்கு உதவி செய்த பேருந்து ஓட்டுநரின் பெயர். நேற்றுவரை நான் அதைக் கவனித்ததில்லை. இரண்டாம் பாகத்தில் அந்த ஓட்டுநர் வரவே இல்லை, அந்தப் பெயரையும் யாரும் உச்சரிக்கவில்லை. முதல் பாகத்தை எழுதியவர்கள் தங்கள் படத்தையே சரியாகத் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

கல்லூரிச் சாலைத் தம்பி, ரயில் நிலையக் காட்சி நல்ல காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஏன் நன்றாக இருக்கிறது? அந்த ஐந்து நிமிடம் அவள் மறுபடி ஒளிகிறாள். அதைத்தான் படம் முழுக்கக் கேட்கிறேன்.

கருப்பு அங்கி மேடம் சொன்ன மூன்று மாத மனுவும் சாவிக்கொத்து அண்ணன் சொன்ன ஆச்சியின் கேள்வியும் ஒரே கதையில் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது சேர்ந்து எழுத முன்வந்தால் சொல்லுங்கள், குறும்படமாகவாவது எடுத்துவிடலாம். வருகிற சனிக்கிழமை 1980 'க்ளோரியா' போடலாமா? கோட்டையூர் தம்பியிடம் பிரதி இருந்தால் கொண்டு வரட்டும். தமிழ் வசன வரிகள் கிடைக்காது, ஆங்கிலத்தில்தான் பார்க்க வேண்டும்.

—

கானாடுகாத்தான் சாவிக்கொத்து எழுதியது:

எழுதுங்கள், வீட்டுக்கு நான் பொறுப்பு. பங்காளிகளிடம் நானே பேசிக்கொள்கிறேன், ஆனி, ஆவணியில் கல்யாணத்துக்குத் திறப்பார்கள், இரண்டுக்கும் நடுவில் ஆடியில் என்றால் சுலபம். ஆனால் ஒரு நிபந்தனை, அவளைப் பெரிய வீட்டில் ஒளிய வைக்காதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற குடும்பம் பின்கட்டை ஒட்டி ஓட்டு வீட்டில் இருக்குமே, அங்கே ஒரு உறவுக்காரியாக வந்து தங்கட்டும். தினமும் அத்தனை பெரிய வளவையும் அவள்தான் பெருக்க வேண்டும்.